வேலைக்கு வந்த இடத்தில் ‘விசேஷம் உண்டா?’

கோடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போனால், பழனிமலையின் உள்மடிப்பிலே போளூர் இருக்கிறது. ஏரியையும் தூண்பாறையையும் பார்க்க வருகிறவர்களில் அவ்வளவு தூரம் போகிறவர்கள் சிலரே. பூண்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் விளைகிற மேல்மலைச் சீமை அது. அங்கே காட்டு வேலையில் ஆணுக்குச் சரியாகப் பெண்ணும் மண்ணில் இறங்கிப் பாடுபடுகிறாள்.

மேல்மலையானாலும் சமவெளியானாலும், நம் ஊர்களில் கல்யாணமான பெண்ணைப் பார்த்ததும் அத்தையும் பெரியம்மாவும் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. “என்னடி, விசேஷம் ஏதாவது உண்டா?” என்பதே அந்தக் கேள்வி. அவள் வெட்கத்துடன் தலையாட்டிவிட்டால் வீடே குதூகலப்படுகிறது. வாய்க்குப் பிடித்ததைச் செய்து போடுகிறார்கள். ஏழாம் மாதத்தில் கை நிறைய வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடி வாழ்த்துகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று சொல்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அதே பெண் வேலை தேடி ஓர் அலுவலகத்தின் படி ஏறட்டும். அங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “கல்யாணம் ஆகிவிட்டதா? விசேஷம் ஏதாவது உண்டா?” ஆனால் இந்தத் தடவை “ஆமாம்” என்று சொன்னால் வாழ்த்துக் கிடைப்பதில்லை. “சரி, தகவல் அனுப்புகிறோம்” என்ற பதில்தான் கிடைக்கிறது. அந்தத் தகவல் ஒருநாளும் வருவதில்லை.

கோடைக்கானலிலேயே பெண்களுக்கென்று 1984-ல் அன்னை தெரசா பெயரால் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மலைநாட்டுப் பெண் ஒருத்தி அங்கே படித்துப் பட்டம் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம் ஆகிறது. நாலாம் மாதம். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சை. விடியுமுன்னே பஸ் ஏறி, மலைப்பாதையின் வளைவுகளில் மசக்கையோடு போராடிக்கொண்டு போகிறாள். படிப்பில் குறையில்லை; பேச்சில் குறையில்லை. சேலை முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் குறை. ஊரார் கொண்டாடுகிற ஒன்றை அவள் ஏன் மறைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவளல்ல. வேலை கொடுக்கிறவர்களும் சட்டம் செய்கிறவர்களும்தான்.

விண்ணப்பத் தாளில் ஒரு விசாரணை

இது எங்கோ ஒரு சிறிய கடையில் விவரம் தெரியாத முதலாளி செய்கிற காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. தேசத்தின் மிகப் பெரிய ஸ்தாபனங்களே இதைச் செய்து, கோர்ட்டுப் படி ஏறியிருக்கின்றன.

1989-ம் ஆண்டில் நீரா மாத்தூர் என்ற பெண்மணி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். எழுத்துப் பரீட்சையில் தேறினார், நேர்முகத்திலும் தேறினார். கார்ப்பரேஷன் நியமித்திருந்த பெண் டாக்டரே பரிசோதித்து, உடல் தகுதி இருக்கிறது என்று சொன்னார். செப்டம்பரில் வேலை கிடைத்தது. டிசம்பரில் விடுமுறையில் போனார். 1990 ஜனவரி 11-ந் தேதி குழந்தை பிறந்தது. பிப்ரவரி 13-ந் தேதி அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது.

காரணம் என்ன? வேலையில் சேரும்போது பூர்த்தி செய்து கொடுத்த தாளில் உண்மையை மறைத்துவிட்டார் என்று கார்ப்பரேஷன் கோர்ட்டில் வாதாடியது. அந்தத் தாளில் என்ன கேட்டிருந்தார்கள் என்று பார்த்தால் படிக்கிறவர்களுக்கே கூச்சமாக இருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? வலி உண்டா? கடைசியாக வந்த தேதி என்ன? இதுவரை எத்தனை முறை கர்ப்பம் தரித்தாய்? அவற்றில் எத்தனை முழுமாதம் நிறைந்தவை? கர்ப்பம் கலைந்தது உண்டா? இப்போது கர்ப்பமா? கணக்கு எழுதவும் கடிதம் போடவும் வந்த ஒரு பெண்ணிடம் கேட்ட கேள்விகள் இவை!

டெல்லி ஐகோர்ட்டில் நீரா மாத்தூருக்கு நியாயம் கிடைக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1991 அக்டோபர் 31-ந் தேதி தீர்ப்பு வந்தது. உண்மையான தவறு அந்தப் பெண் எழுதிய பதிலில் இல்லை, கேட்கப்பட்ட கேள்வியில்தான் இருக்கிறது என்ற கருத்தில் நீதிபதிகள் உறுதியாக நின்றார்கள். பெண்ணின் மானமும் சுயமரியாதையும் இத்தகைய விவரங்களைச் சொல்ல இடம்தராது என்றார்கள். அவரைத் திரும்பவும் வேலையில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள்; அந்தக் கேள்விகளைத் தாளிலிருந்தே நீக்கிவிடுவது நல்லது என்றும் சொன்னார்கள்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1981-ல், ஏர் இந்தியா வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு இதே போக்கில் பேசியிருந்தது. விமானப் பணிப்பெண் முதல் முறை கர்ப்பமானதுமே வேலை போய்விடும் என்று அந்நாளில் ஒரு விதி இருந்தது. அது நியாயமற்றது, இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று சொல்லிக் கோர்ட்டு அந்த விதியை ரத்துச் செய்தது.

பாங்கியில் ‘தாற்காலிகத் தகுதியின்மை’

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் கடைசியில், பாரத ஸ்டேட் பாங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. புதிதாகத் தேர்வான பெண் மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருந்தால் அவள் ‘தாற்காலிகமாகத் தகுதியற்றவள்’. பிரசவமாகி நாலு மாதத்துக்குள் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றது அந்த அறிக்கை. அதற்கு முன்பிருந்த விதியிலோ ஆறு மாதம் வரையில் கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டர் சர்ட்டிபிகேட்டுடன் சேர முடிந்தது. ஆக, காலம் முன்னே போக, விதி பின்னே போயிற்று.

பல பக்கங்களிலிருந்தும் கண்டனம் கிளம்பியது. டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 2022 ஜனவரி 29-ந் தேதி, பொதுமக்களின் உணர்ச்சியை மதித்துப் புதிய விதியை நிறுத்தி வைப்பதாகப் பாங்கி அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னையைத் தலைமை இடமாகக் கொண்ட இந்தியன் பாங்கியும் இதே மாதிரியான விதிக்காக அதே ஆணையத்தின் நோட்டீசைப் பெற்றது. அங்கே கணக்கு பன்னிரண்டு வாரம்.

‘தாற்காலிகம்தானே, பிறகு சேர்ந்துகொள்ளலாமே’ என்று சிலர் கேட்கலாம். பாங்கி உத்தியோகத்தில் சேர்கிற தேதி என்பது சின்ன விஷயம் அல்ல. சம்பளமும் சீனியாரிட்டியும் அந்தத் தேதியைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. ஒன்றாகப் பரீட்சை எழுதித் தேறிய இருவரில், ஒருவர் இன்று சேர்கிறார். இன்னொருத்தி பிள்ளை பெற்ற குற்றத்துக்காக மாதக் கணக்கில் பின்தங்குகிறாள். மேஜையின் முன் உட்கார்ந்து கணக்குப் பார்க்க நாலாம் மாதத்துக் கர்ப்பம் எந்த விதத்தில் தடை? பாங்கியில் ஏற்கெனவே வேலையில் இருக்கிற பெண்கள் எட்டாம் மாதம் வரை அதே மேஜையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

தொழிற்சாலை வாசலில்

படித்த பெண்ணின் கதி இது. பாட்டாளிப் பெண்ணின் கதி என்ன?

சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பாக்ஸ்கான் கம்பெனியின் பிரம்மாண்டமான தொழிற்சாலை இருக்கிறது. உலகமெங்கும் விற்பனையாகிற ஐபோன்களை அங்கே பூட்டி முடிக்கிறார்கள். வேலை செய்கிறவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். கிராமங்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி உழைக்கிறவர்கள். பெண்களுக்கு இத்தனை வேலை கிடைக்கிறதே என்று எல்லாரும் மகிழ்ந்தோம்.

2024 ஜூன் 25-ந் தேதி ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் ஒரு விசாரணைச் செய்தியை வெளியிட்டது. அந்தத் தொழிற்சாலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை முறையாகவே ஒதுக்கிவிடுகிறார்கள். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி விடுமுறை ஆகியவையே அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் என்று அந்தச் செய்தி கூறியது. வேலை தேடிப் போனவர்களிடம் தொழிற்சாலை வாசலிலேயே “கல்யாணம் ஆனவர்களா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய சம்பவமும் அதில் இருந்தது.

கம்பெனி இதை மறுத்தது. புதிதாகச் சேர்த்தவர்களில் சுமார் 25 சதவீதம் பேர் கல்யாணமான பெண்கள்தான் என்று கணக்குக் காட்டியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசாங்கத்திடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. தொழிலாளர் துறை அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். சில மாதங்கள் கழித்து, ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் தங்கள் விளம்பரங்களில் வயது, கல்யாணம், ஆண் பெண் ஆகிய விவரங்களைப் போடக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருப்பதாக மீண்டும் செய்தி வந்தது.

விளம்பரத்திலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துவிடலாம். ஆள் சேர்க்கிறவரின் மனத்திலிருந்து அதை எடுத்தாகிவிட்டதா என்பதை யார் பார்ப்பது? கர்ப்பமானவளை ஒதுக்குவது பழைய முறை. கர்ப்பமாகக்கூடும் என்று எண்ணிக் கல்யாணமானவளையே ஒதுக்குவது அடுத்த படி. வயதுக்கு வந்த பெண் எவளும் ஒரு நாள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடும் என்று எண்ணத் தொடங்கினால், பெண்ணுக்கே வேலை இல்லை என்பதில்தான் அது போய் நிற்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

பிரசவ காலத்தில் உழைக்கும் பெண்ணைக் காப்பாற்றும் சட்டம் நமக்குப் புதிதல்ல. பம்பாய் மாகாணத்தில் 1929-லும், சென்னை மாகாணத்தில் 1934-லும் பிரசவ சகாயச் சட்டங்கள் செய்யப்பட்டன. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் தன் 42-வது பிரிவிலேயே பிரசவ சகாயத்தைப் பற்றிச் சொல்கிறது. 1961-ல் தேசம் முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. 2017-ல் அதைத் திருத்தி, சம்பளத்துடன் கூடிய விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் இந்த ஏற்பாடுகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பகுதியாகிவிட்டன.

எல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டங்கள் எல்லாம் வேலைக்குள் இருக்கிற பெண்ணையே காக்கின்றன. பிரசவ விடுமுறையில் இருப்பவளை நீக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வேலை கேட்டு வாசலில் நிற்கிற கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதே தெளிவுடன் சொல்லவில்லை.

ஆள் சேர்ப்பதில் ஆண், பெண் என்ற பேதம் கூடாது என்று 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொல்லியது. இப்போது ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது இடம் பெற்றிருக்கிறது. ஆனால் சாமர்த்தியசாலியான ஒரு முதலாளி என்ன சொல்வார்? “நான் பெண்களை ஒதுக்கவில்லையே! பாருங்கள், என்னிடம் ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளைத்தானே சேர்க்கவில்லை?” என்பார்.

அமெரிக்காவிலும் இதே வாதம் எழுந்தது. கர்ப்பத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு செய்வது ஆண், பெண் என்ற பாகுபாடு ஆகாது என்று 1976-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு ஜெனரல் எலக்டிரிக் கம்பெனியின் வழக்கில் தீர்ப்பளித்தது. மக்கள் சபை சும்மா இருக்கவில்லை. கர்ப்பத்துக்காகச் செய்யும் பாகுபாடு பெண்ணுக்கு எதிரான பாகுபாடுதான் என்று 1978-ல் சட்டமே இயற்றிவிட்டது. அது வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, வேலை கேட்டு வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். நம் சட்டத்தில் இல்லாதது அந்த ஒரு வாக்கியம்.

முதலாளியின் கட்சி

மறுபக்கத்தையும் கேட்பதுதான் நியாயம். பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துகிற ஒருவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால், அவள் 26 வாரம் விடுமுறையில் போகும்போது சுமார் 1,80,000 ரூபாய் கொடுக்க வேண்டும். அவள் இடத்துக்கு இன்னொருவரையும் வைக்க வேண்டும். “ஊருக்கெல்லாம் பிள்ளை வேண்டும்; செலவு மட்டும் என் தலையிலா?” என்று அவர் கேட்கிறார். விடுமுறையை நீட்டிக்கொண்டே போய், செலவு முழுவதையும் தனி முதலாளியிடம் விட்டுவிட்டால், அவர் பெண்களையே சேர்க்காமல் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார். தாய்க்கு உதவ வந்த சட்டம், தாயாகப் போகிறவளின் முகத்தில் கதவைச் சாத்துவதற்குக் காரணமாகிவிடும். இந்த ஆபத்தை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் இந்தப் பயத்தில் பாதிக்கு மேல் சரியான விவரம் தெரியாததால் வருவது.

முதலாவதாக, இன்று சேர்ந்து நாளைக்கே யாரும் சம்பளத்துடன் விடுமுறை கேட்க முடியாது. பிரசவத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்தவளுக்கே அந்தச் சலுகை உண்டு.

இரண்டாவதாக, தொழிற்சாலைகளிலும் பெரிய கடைகளிலும் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருகிறார்கள். 2017-ல் இதற்கான சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவர்களுக்குப் பிரசவ காலப் பணத்தைக் கொடுப்பது முதலாளி அல்ல, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன். முதலாளி செலுத்துவது 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி சம்பளத்தில் 3.25 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 650 ரூபாய். ஆணைச் சேர்த்தாலும் அதே 650. கர்ப்பிணியைச் சேர்த்தாலும் அதே 650. அப்படியிருக்கப் பிரசவச் சம்பளத்துக்குப் பயந்துதான் பெண்ணை ஒதுக்கினோம் என்று இத்தகைய முதலாளிகள் சொல்ல முடியுமா?

மூன்றாவதாக, செலவு உண்மையாகவே இருந்தாலும் அது சாக்கு ஆகாது. இதற்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் உதாரணம். 1981-ல் ஹாலந்து தேசத்தில் டெக்கர் என்ற பெண்மணி, இளைஞர் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆசிரியை வேலைக்கு மனுச் செய்தார். தாம் மூன்று மாத கர்ப்பம் என்பதை அவரே தேர்வுக் குழுவிடம் சொன்னார். வந்தவர்களில் இவரே சிறந்தவர் என்று குழுவும் சிபாரிசு செய்தது. ஆனாலும் நிலையத்தார் மறுத்துவிட்டார்கள். அவர் விடுமுறையில் போகும்போது ஆகும் செலவை இன்ஷூரன்ஸ்காரர்கள் ஈடு செய்ய மாட்டார்கள், அது எங்களுக்குக் கட்டாது என்றார்கள். 1990 நவம்பர் 8-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கர்ப்பம் என்பது பெண்ணுக்கு மட்டுமே வரக்கூடியது. ஆகையால் கர்ப்பத்துக்காக வேலை மறுப்பது பெண் என்பதற்காக மறுப்பதே. பண நஷ்டத்தைக் காட்டி அதை நியாயப்படுத்த முடியாது. இவ்வளவுதான் தீர்ப்பின் சாரம். நம் சட்டம் எழுதுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் குறைவில்லை.

செய்ய வேண்டியவை

குறையைச் சொன்னால் போதாது. வழியையும் சொல்ல வேண்டும்.

கர்ப்பமா, எப்போது பிள்ளை பெறப் போகிறாய் என்று வேலைக்கு வந்தவளிடம் கேட்பதையும், அதற்காகச் சோதனை செய்வதையும் சட்டத்தில் பெயர் சொல்லியே தடுக்க வேண்டும். விண்ணப்பத் தாளானாலும், நேர்முகமானாலும், தொழிற்சாலை வாசலில் நிற்கும் காவல்காரர் வாயானாலும் ஒரே விதிதான். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 183-வது உடன்படிக்கை இதை 2000-ம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. தாய்க்கோ வயிற்றுக் குழந்தைக்கோ ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் அது விலக்கு அளிக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்காமல் தள்ளிப்போட்டு வந்திருக்கிறது. இனியும் தள்ளிப்போடுவதற்குக் காரணம் தெரியவில்லை.

அடுத்தது செலவு. அந்த உடன்படிக்கையே காட்டுகிற வழி, பிரசவ காலப் பணத்தைப் பொது இன்ஷூரன்ஸிலிருந்தோ சர்க்கார் பணத்திலிருந்தோ கொடுப்பதுதான். இ.எஸ்.ஐ.யில் வராத பெண்களுக்கும் அப்படி ஒரு பொது நிதி ஏற்பட்டால், மேலே சொன்ன சிறு முதலாளியின் வாய் அடைபடும். ஆணையும் பெண்ணையும் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால், யார் தலையிலும் சுமை தெரியாது.

தமிழ்நாடு அரசாங்கம் தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் பிரசவ விடுமுறை அளித்தது. இது பாராட்டத் தக்கது. தன் ஊழியர்களுக்கு ஓர் ஆண்டு கொடுக்க முன்வந்த அரசாங்கம், தன் எல்லைக்குள் இருக்கும் தொழிற்சாலை வாசல்களையும் கவனிக்க வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் சம்பளப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி, யாரைச் சேர்த்தார்கள், யாரை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்கிற கணக்கையும் பார்க்க வேண்டும். வேலை மறுத்ததற்குக் காரணம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதித்தால், பாதி அநியாயம் எழுதக் கூசியே நின்றுவிடும்.

நிஜமாகவே கர்ப்பிணிக்கு ஒவ்வாத வேலைகள் உண்டு. மருந்து அடிக்கிற வேலை, பாரம் தூக்குகிற வேலை, ஓடிக் காட்ட வேண்டிய போலீஸ் பரீட்சை போன்றவை. அங்கேயும் செய்ய வேண்டியது, தேர்ச்சி பெற்றவளின் இடத்தை அவளுக்கே வைத்திருந்து தேதியைத் தள்ளிப்போடுவது. அல்லது அதுவரை இலகுவான வேலை கொடுப்பது. ‘உனக்கு நல்லதுக்குத்தான் சொல்கிறோம்’ என்று சொல்லி அவள் சோற்றில் கை வைப்பது பரிவு ஆகாது. கர்ப்பிணிக்கு வேண்டியது போஷாக்கு; போஷாக்குக்கு வேண்டியது சம்பளம்.

கணவன்மாருக்கும் இதில் பங்கு உண்டு. குழந்தை பிறந்தால் விடுமுறை எடுப்பவள் தாய் ஒருத்தியே என்று இருக்கும் வரையில், அவளைச் சேர்ப்பதுதான் நஷ்டம் என்று முதலாளி கணக்குப் போடுவார். மத்திய சர்க்கார் தன் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் விடுமுறை அளிக்கிறது. தனியார் கம்பெனிகளும் தந்தைக்கு விடுமுறை கொடுத்து, தந்தைமார் வெட்கப்படாமல் அதை எடுத்துக்கொள்வார்களானால், அந்தக் கணக்கு மெல்ல மாறும்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

சட்டம் திருந்தும் வரையில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மாதவிலக்கையும் கர்ப்பத்தையும் பற்றி உத்தியோகத் தாளில் கேட்பது தவறு என்று 1991-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது என்பதை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும். விளம்பரம், விண்ணப்பத் தாளின் நகல், வந்த கடிதம், போனில் வந்த செய்தி ஆகிய எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். பேச்சில் சொன்ன மறுப்பை யாரும் மறந்துபோகலாம். எழுத்தை மறுக்க முடியாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்றாலே போதும். வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்டக் கோர்ட்டுகளில் இதற்கென்றே அலுவலகம் இருக்கிறது. மாநில மகளிர் ஆணையத்துக்கு மனுப் போடலாம். ஒருத்தி துணிந்து போட்ட வழக்கினால்தான் தேசம் முழுவதிலும் அந்தக் கேள்விகள் தவறு என்று ஆயிற்று என்பதை மறக்கக் கூடாது.

மேல்மலைக்குத் திரும்புவோம்

தாளும் கையெழுத்தும் உள்ள வேலைகளைப் பற்றியே இதுவரை பேசினோம். மேல்மலைக் காடுகளில் தினக்கூலிக்குப் போகிறவளுக்கு விண்ணப்பமும் கிடையாது, நேர்முகமும் கிடையாது. வயிறு தெரியத் தொடங்கினால், ‘நாளைக்கு நீ வரவேண்டாம்மா’ என்ற ஒரு வார்த்தையில் காரியம் முடிந்துவிடும். இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? அவளுக்கு இப்போதைக்கு உள்ள ஆதரவு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழ்நாடு அரசாங்கம் ஏற்படுத்திய மகப்பேறு உதவித் திட்டந்தான். 2018-ல் இந்த உதவி 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஏழைத் தாய்க்கு அது பெரிய உதவிதான். ஆனால் பல மாதக் கூலியை இழந்தவளுக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? மேலே சொன்ன பொது நிதி ஏற்படுமானால், அதில் முதல் இடம் கொடுக்க வேண்டியது இவளுக்கு.

போளூரில் இன்றும் ஏதாவது ஒரு வீட்டில் வளைகாப்பு நடக்கும். ஊர்ப் பெண்கள் கூடி வளையல் அடுக்கி, “நல்லபடியாகப் பெற்றுப் பிழை” என்று வாழ்த்துவார்கள். பெறுவதை அவள் பார்த்துக்கொள்வாள். பிழைப்பதற்கு வேலை வேண்டும். அந்த வேலையைக் கேட்டு அவள் மலையிறங்கி வரும்போது, “விசேஷம் உண்டா?” என்று யாரும் கேட்க வேண்டாம். “என்ன படித்திருக்கிறாய், என்ன வேலை தெரியும்?” என்று மட்டும் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கிறது.